தலைகீழாக மாட்டிய ஏரி

பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஓவியத்தை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு என் கணவர் ஆல்பர்ட் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் ஒத்திகை ஹாலுக்குள் வந்தபோது நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஹால் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. வயலின்காரர்கள் சமோசா எண்ணெய் போக விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடை ஓரத்தில் கரும்பலகை வைக்கிற மர ஸ்டாண்டு ஒன்று தயாராக நின்றது. என் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தது. ஆல்பர்ட் பெட்ஷீட்டை உருவினார். ஓவியத்தைத் தூக்கி வைத்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால், சமோசா வந்த அட்டையைக் கிழித்து மடித்து அடியில் கொடுத்தார்.

நான் கீழே நாற்காலியிலிருந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க, தலைகீழா வெச்சிருக்கீங்க."

அவர் திரும்பவில்லை. அட்டையைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இல்ல ரூபி. இதுதான் நேர்."

கையிலிருந்த டீயை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த ஓவியத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் நாற்பது பேர் வாசிக்கிற இசை ஒன்றை எழுதி முடித்திருந்தேன். ஓவியத்தின் அடியில் இருந்ததையெல்லாம் கனத்த குரல் கொண்ட செல்லோவுக்கும் டபுள் பேஸுக்கும் கொடுத்திருந்தேன். மேலே இருந்ததையெல்லாம் புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் கொடுத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு வருவீங்களா?

செல்லோவை மின்சார ரயிலில் ஏற்றிய கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதும், எங்கள் ஆர்கெஸ்ட்ரா கல்யாணத்துக்கு வருமா, ரேட் என்ன என்று ஒருவர் விசாரித்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி. சீரியல் பல்பு, கோட்டு போட்ட பாடகர், "அடுத்த பாடல், மணமகளின் தாய்மாமன் விருப்பத்துக்காக" என்கிற அறிவிப்பு. நாங்கள் அது இல்லை. நாங்கள் கோட்டுகூடப் போடுவதில்லை, நவம்பர் மாதத்திலும் வியர்க்கும்.

எங்களில் ஆசிரியர்கள் உண்டு, பேங்க்காரர்கள் உண்டு, ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. ஹார்ன் என்கிற வளைந்த பித்தளைக் குழலை ஊதுபவர் பல் டாக்டர். குச்சியசைத்து எங்களை நடத்துபவர் செல்வின், முப்பத்தைந்து வயதுக்காரர், பகலில் சாஃப்ட்வேர், சாயங்காலத்தில் குச்சி. நான் செம்பாக்கத்தில் குடியிருக்கிற கணக்கு டீச்சர். வயோலா வாசிக்கிறேன்.

வயோலா என்பது வயலினுக்கு அக்கா. கொஞ்சம் பெரியது, கொஞ்சம் கரகரப்பானது, யாரும் கவனிக்காதது. ஆர்கெஸ்ட்ராவில் அது வாசிப்பது கேட்காது. நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். குடும்பத்தில் சில பேர் அப்படி இருப்பார்கள் இல்லையா.

ஒருநாள் ஒத்திகை முடிந்து பெட்டியைப் பூட்டும்போது செல்வின் என்னிடம் வந்து, எப்போதும் வெளியூர்க்காரர்கள் எழுதியதையே வாசிக்கிறோமே, நீங்கள் ஒன்று எழுதித் தாருங்கள் மிஸ் என்றான். அவன் என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்தவன். ஆகவே கொஞ்சம் தைரியம் அதிகம். நான் சிரித்து மழுப்பினேன். கேம்ப் ரோடு தாண்டுவதற்குள் தலைக்குள் ஒரு செல்லோ தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் அதை எழுதி வைத்தேன். இந்த வயதில் எனக்குக் காதல் வந்த மாதிரி இருந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மழைக்காரப் பண்

மூன்று பகுதிகள் என்று முடிவு செய்தேன். முதல் பகுதிக்கு எங்கள் பள்ளித் தமிழாசிரியை கலைவாணி காரணம்.

கலைவாணிக்கும் எனக்கும் ஸ்டாஃப் ரூமில் அடுத்தடுத்த மேஜை. விடைத்தாள் திருத்தும்போது அவள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அவை பழைய பண்கள். அவளுடைய சித்தப்பா கோயிலில் பண் பாடுகிறவர். மதிப்பெண் குறையக் குறைய இவளுடைய பண் மாறும். ஒருநாள் மனசை இழுக்கிற ஒன்றை முணுமுணுத்தாள். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கிற ஸ்கேலுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருந்தது. ஆனால் நடை வேறு. எங்கள் பாட்டு படியேறும், இவள் பாட்டு ஊஞ்சலாடியது. பெயர் கேட்டேன். மேகராகக்குறிஞ்சி என்றாள்.

மேற்கிலும் பழங்காலத்தில் தேவாலயங்களில் ஒற்றைக் குரல் வரிசையாகத்தான் பாடியிருக்கிறார்கள். துணைச் சுரங்கள் அடுக்குவதெல்லாம் பிறகு வந்தது. அதனால் நானும் அந்தப் பண்ணை அடுக்காமல் விட்டேன். நாற்பது பேரும் ஒரே வரிசையை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே மிஸ் என்று ட்ரம்பெட்காரர் கேட்டார். இவ்வளவுதான் என்றேன். எல்லாரும் ஒன்றாக ஊஞ்சலில் ஏறியபோது ஹாலின் மின்விசிறி வரைக்கும் ஆடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

அன்று கலைவாணி ஒத்திகை பார்க்க வந்திருந்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, இந்தப் பண்ணைப் பாடினால் மழை வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் வயலின் வரிசையில் சுந்தர் வில்லைக் கீழே வைத்தார். அவர் வீடு முடிச்சூரில். ஒரு வெள்ளத்தில் அவருடைய வாஷிங் மெஷின் தெருக்கோடி வரைக்கும் மிதந்து போய் வந்தது. கச்சேரியோ நவம்பரில். இதை வேறு பண்ணுக்கு மாற்ற முடியுமா, இல்லாவிட்டால் தை மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று அவர் கேட்டார். முதலில் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அதே மாதிரி வெள்ளத்தில் மூழ்குகிற வரதராஜபுரத்திலிருந்து வரும் கிளாரினெட்காரரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் இதே விவாதம்.

கடைசியில் செல்வின்தான் வழி கண்டுபிடித்தான். ஒத்திகையில் பண்ணின் கடைசிச் சுரத்தை மட்டும் வாசிக்க மாட்டோம். முடிக்காத பண்ணுக்கு மழை வராது. கச்சேரி அன்று மட்டும் முடிப்போம். சுந்தர் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் நாற்பது பேரும் கடைசிப் படிக்குக் காலைத் தூக்கிய மாதிரி அந்தரத்தில் நிறுத்துவோம். சிரிப்பை அடக்க முடியாமல் பல் டாக்டர் ஹாலை விட்டு வெளியே ஓடுவார்.

"நல்லா இருந்துச்சு, எப்ப முடியும்?"

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். ஆல்பர்ட் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அவருக்கு இசை வராது. வராது என்றால் பாட வராது என்பது இல்லை, காதுக்குள்ளேயே வராது. கல்யாணமான புதிதில் நான் ஆசையாக அரைமணி நேரம் வாசித்துக் காட்டினேன். அவர் மரியாதையாக உட்கார்ந்திருந்துவிட்டு, "நல்லா இருந்துச்சு, எப்ப முடியும்?" என்றார். முடிந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

அவருக்கு உலகம் கண் வழியாகத்தான். பணியில் இருந்தபோதே விடுமுறை நாட்களில் செம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்து வரைவார். ஏரி மட்டும்தான் வரைவார். கரை வரைய மாட்டார், மரம் வரைய மாட்டார், ஆள் வரைய மாட்டார். தண்ணீரும் வானமும். பெயரைக்கூட ஓவியத்தின் பின்னால்தான் எழுதுவார்.

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஓர் ஏரியைக் கொடுத்துவிட்டு அவர் டியூட்டிக்குப் போய்விட்டார். நானே ஆணி அடித்து, மாடி அறையில் என் மியூசிக் ஸ்டாண்டுக்கு எதிரே மாட்டினேன். வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டுதான் சாதகம் செய்தேன். அடியில் கரும்பச்சையும் சாம்பலும் கலந்த கனமான தண்ணீர். அதில் மிதக்கும் ஊதாப் புள்ளிகள், ஆகாயத்தாமரைப் பூக்கள். மேலே விரிந்து விரிந்து வெளுத்துப் போகிற வானம்.

இந்த ஓவியத்தை இசையாக எழுதினால், தன் ஏரியையாவது அவர் காதால் கேட்பார் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, மேடையில் வைக்க அந்த ஓவியம் வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டேன். அந்த நினைப்பே எனக்குப் போதையாக இருந்தது. பூக்கள் தண்ணீரில் அசைவதற்கு டபுள் பேஸ்களை வில் இல்லாமல் விரலால் சுண்டச் சொன்னேன். வானத்துக்கு முதல் வயலின்களை எவ்வளவு மெலிதாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெலிதாக வாசிக்கச் சொன்னேன்.

அந்தப் பூக்கள் பூக்கள் இல்லை. பறவைகள். அந்தக் கனமான தண்ணீர் தண்ணீர் இல்லை, மழை மேகம். நான் வானம் என்று நினைத்ததுதான் ஏரி.

இரண்டு கட்சிகள்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடைக்குக் கீழே நின்று நான் கேட்ட முதல் கேள்வி, இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்பதுதான்.

"நீ அப்படித்தான் மாட்டியிருந்தே. உனக்கு அப்படிப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். இங்க வெளியாளுங்க பார்ப்பாங்களே, அதான் நேரா வெச்சேன்."

எனக்கு அழுகை வரும் என்று செல்வின் பயந்துபோய் நின்றான். எனக்கு வந்தது சிரிப்பு. கணக்கு டீச்சர், வகுப்பில் சத்தமாகச் சிரிக்காதவள், மேடைப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் ஆல்பர்ட்டும் சேர்ந்துகொண்டார். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். இது உங்கள் ஏரி, உங்களுக்காக எழுதியது, மொத்தமும் தலைகீழாக எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. எனக்காகவா என்று ஒரு தடவை கேட்டார். பிறகு ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

ஆர்கெஸ்ட்ரா இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஓவியத்தைத் திருப்பி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றது ஒரு கட்சி. வரைந்தவர் முன்னாலேயே அப்படிச் செய்வதா என்றது இன்னொன்று. ஓவியமே வேண்டாம், வெறும் இசை போதும் என்று ட்ரம்பெட்காரர் தனியாக ஒரு கட்சி தொடங்கினார்.

ஆல்பர்ட்தான் எழுந்து வந்து பேசினார். ஏரியில் காலையில் காற்றில்லாத நேரத்தில் பார்த்தால் எது மேல் எது கீழ் என்று அவருக்கே தெரியாதாம். அதனால்தான் கரை வரைவதில்லையாம். பாதி நேரம் நீ பார்த்த மாதிரி வை, பாதி நேரம் நான் பார்த்த மாதிரி வை என்றார்.

கணக்கு டீச்சருக்கு அவ்வளவு போதும். மேலே இருக்கிற வரிசையைக் கீழே தூக்கிப் போடுவதும், ஏறுகிற இடத்தில் இறங்க வைப்பதும் நான் தினமும் பலகையில் செய்கிற வேலைதான். பகுதியின் பின்பாதியைக் கவிழ்த்து எழுதுவது என்று முடிவானது. முன்பாதியில் டபுள் பேஸ் சுண்டிய பூக்களைப் பின்பாதியில் புல்லாங்குழல்கள் பறவைகளாகக் கொத்த வேண்டும். இரண்டு பாதிக்கும் நடுவே ஓபோ என்கிற ஒற்றை ஊதுகுழல், அடியில் மெல்லிய ஒரு துணையோடு வரும். அப்போது ஓவியத்தைத் திருப்ப வேண்டும். திருப்புவது யார்?

"நானே திருப்புறேன்" என்றார் ஆல்பர்ட்.

ஓபோ என்பது எது?

சனிக்கிழமை முழுவதும் எழுதினேன். திருத்த வேண்டிய விடைத்தாள்களைக் கலைவாணி எடுத்துக்கொண்டு போனாள். தமிழாசிரியை திருத்திய கணக்குத் தாள்கள் என்பதால், பிறகு நான் ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த உதவியை மறக்க மாட்டேன்.

ஆல்பர்ட்டுக்கு ஓபோ எது, கிளாரினெட் எது என்று தெரியாது. ஓபோ வாசிப்பவள் நிஷா, சேலையூரிலிருந்து வரும் பெண். அவளை வீட்டுக்கு வரவழைத்தேன். அவள் ஹாலில் உட்கார்ந்து அந்த நாலு வரியை வாசிக்க வாசிக்க, இவர் சோபாவின் நுனியில், சிக்னல் விழக் காத்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். மூக்கடைத்த வாத்து மாதிரி இருக்கிறதே என்றார். நிஷா கோபித்துக்கொள்ளவில்லை, எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் அங்கிள் என்றாள். நாலைந்து தடவைக்குப் பிறகு, இந்த இடத்தில் அது மூச்சு விடாமல் இழுக்கிறதே, அங்கேதானே திருப்ப வேண்டும் என்று கேட்டார். சமையலறையில் நின்றுகொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சரியான இடம்.

ஞாயிற்றுக்கிழமை

ஆல்பர்ட் வருவதற்கு முன்பே மத்தியானம் கூடிப் புதிய பின்பாதியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தோம். கச்சேரி நேரத்தில் ஹால் நிரம்பிவிட்டது. கீழ்க்கட்டளையிலிருந்து என் நாத்தனார் குடும்பம், படப்பையிலிருந்து செல்வினின் மாமனார் வீட்டார், கலைவாணியின் சித்தப்பா, என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். முதல் பகுதியில் நாற்பது பேரும் ஊஞ்சலில் ஏறினோம். கடைசிச் சுரத்தை முதல்முறையாக வாசித்தோம். சுந்தர் வாசித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில். கலைவாணியின் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள்.

இரண்டாம் பகுதி தொடங்கியது. நான் பார்த்த ஏரி ஸ்டாண்டில் இருந்தது. பக்கத்தில் ஆல்பர்ட், கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். டபுள் பேஸ்கள் பூக்களைச் சுண்டின. வயலின்கள் வெளுத்துப் போயின. எல்லாம் அடங்கியது. நிஷா ஓபோவை எடுத்தாள்.

அந்த மூச்சு விடாத இழுப்பு வந்தது. ஆல்பர்ட் நகரவில்லை.

நான் வயோலாவை வாசித்துக்கொண்டே அவரையே பார்த்தேன். செல்வின் தலையை அசைத்தான். ஹார்ன் பின்னாலிருந்து பல் டாக்டர் புருவத்தைத் தூக்கினார். அவர் யாரையும் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, கைகள் இரண்டும் தொங்க, நிஷா பக்கம் திரும்பி நின்றிருந்தார். இழுப்பு முடிந்தது. பறவைகள் வந்துவிட்டன. ஏரி இன்னும் தலைகீழாகவே இருந்தது. என் பின்பாதி முழுவதும் திருப்பாத ஓவியத்தின் முன்னால்தான் வாசிக்கப்பட்டது. அந்த நேரத்தில் நான் வாசித்ததில் எத்தனை தப்பு என்று கேட்காதீர்கள். எனக்கு ஸ்டாண்டில் இருந்த தாள் தெரியவில்லை.

கைதட்டல் வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. திடுக்கிட்டு, ஓவியத்தை எடுத்துத் திருப்பி வைத்தார். ஹாலே சிரித்தது. அவர் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி ஓடினார்.

மூன்றாம் பகுதி கலைவாணியின் கவிதை. அவளே மைக் முன்னால் வந்து வாசித்தாள்:

கதவைத் தட்டியது தண்ணீர்.
முன்பு இங்கேதான் குடியிருந்தேன் என்றது.
உட்காரச் சொல்லிவிட்டு
நாற்காலிகளைப் பரண் மேல் ஏற்றினேன்.

முடிச்சூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்துதான் பெரிய கைதட்டல். சுந்தர் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார். அதற்கு நான் எழுதியிருந்தது வேகமான, ஓடிப்பிடித்து விளையாடுகிற இசை. எப்படி வாசித்தோம் என்றே தெரியவில்லை, கீழே பிள்ளைகள் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். முடிந்தபோது என் வில்லில் பாதி முடி அறுந்து தொங்கியது.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். நடுவில் ஏரி, இரண்டு பக்கமும் நாங்கள். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது, ஏன் திருப்பவில்லை என்று கேட்டேன்.

"கேட்டுக்கிட்டே இருந்தேன், மறந்துட்டேன்" என்றார். பிறகு, "அந்த ஓபோவுக்கு அடியில ஒண்ணு வந்துச்சே, தொண்டை கட்டின மாதிரி. அது ரொம்ப நல்லா இருந்துச்சு. அது என்னது?"

ஓபோவுக்கு அடியில் அந்த இடத்தில் இருப்பது ஒரே ஒரு கருவிதான்.

"வயோலாங்க" என்றேன். "நான்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹார்ன் அடிக்கத் தொடங்கியது. அதை இன்னொரு தடவை பாடிக் காட்டு என்றார். பாடினேன். அவரும் கூடவே பாட ஆரம்பித்தார். அவர் சுருதி மட்டும் தனியாகப் பல்லாவரம் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். செம்பாக்கம் வரைக்கும் ஆல்பர்ட் பாட்டை நிறுத்தவே இல்லை.